12 பெரிதா, 10 பெரிதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கை கழுவிக்கொண்டு வருவதற்குள் மருமகன் ஒரு கொப்பித் தாளை என் முன்னால் வைத்துவிட்டான். ஓ.எல். பரீட்சை முடித்தவன். நல்ல பெறுபேறு வந்தால் கேம் கொன்சோல் வாங்கித் தருவதாக அத்தான் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பிளேஸ்டேஷன் 5, வலப்பக்கம் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ். இரண்டுக்கும் கீழே எண்கள் வரிசையாக இறங்கின. ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் வட்டம்.

"மாமா, இதுல 10, அதுல 12. அப்ப எக்ஸ்பொக்ஸ்தானே கூட?"

கூடத்தான். ஆனால் எது கூட என்று தெரியாமல் வட்டம் போட்டிருக்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கொன்சோலைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் இது போதும்.

முதலில், கொன்சோல் என்பது விளையாடுவதற்கென்றே செய்த கொம்பியூட்டர். அவ்வளவுதான். சிபியு, ஜிபியு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் உள்ளே இருக்கின்றன. வீட்டுக் கொம்பியூட்டர் ஆளுக்கு ஆள் வேறுபடும். கொன்சோல் அப்படி இல்லை. ஒரே மொடல் என்றால் லட்சக்கணக்கான வீடுகளிலும் ஒரே பெட்டிதான். கேம் செய்கிறவருக்கு அந்தப் பெட்டியால் என்ன முடியும் என்று துல்லியமாகத் தெரியும், அதன் கடைசிச் சொட்டு வரை பிழிந்து எடுப்பார். அதே விலைக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கினால் கேம் இவ்வளவு நன்றாக ஓடாததற்கு இது ஒரு காரணம்.

இந்த இரண்டு கொன்சோல்களும் 2020 நவம்பரில் இரண்டு நாள் வித்தியாசத்தில் விற்பனைக்கு வந்தவை. எக்ஸ்பொக்ஸ் 10ஆம் திகதி, பிளேஸ்டேஷன் 12ஆம் திகதி. இரண்டுக்கும் அமெரிக்க விலை 499 டொலர். இரண்டின் மூளையையும் வடிவமைத்தது ஏஎம்டி என்ற ஒரே நிறுவனம். இரண்டிலும் 8 கோர் கொண்ட ஒரே குடும்பத்துச் சிபியு, 16 ஜிபி ராம். ஒரே தையல்காரரிடம் ஒரே துணியில் தைத்த இரண்டு சட்டைகள் என்று வையுங்கள். பொக்கெட் வைத்த இடமும் கொலரும்தான் வேறு.

இனி அந்தச் சிவப்பு வட்டம். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குக் காலையில் போயிருக்கிறீர்களா? அரிசி, பருப்பு, வெங்காய மூட்டைகளை நாட்டாமிமார் தோளிலும் கைவண்டியிலும் ஏற்றிக்கொண்டு, "சைட், சைட்" என்று கத்தியபடி ஓடுவார்கள். கடை வாசலில் கணக்கப்பிள்ளை நின்று எந்த மூட்டை எங்கே போகவேண்டும் என்று சொல்வார். கொன்சோலுக்குள் கணக்கப்பிள்ளைதான் சிபியு. பந்து எந்தப் பக்கம் போகிறது, எதிராளி என்ன செய்யவேண்டும் என்று முடிவெடுப்பது அது. நாட்டாமிமார்தான் ஜிபியு. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட்டுச் சுமப்பது அவர்கள். கடை முகப்பில் கைக்கெட்டும் இடத்தில் அடுக்கியிருப்பது ராம். பின்னால் இருக்கும் களஞ்சியம் எஸ்எஸ்டி.

பிளேஸ்டேஷன் 5இல் நாட்டாமிமார் 36 குழு. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸில் 52 குழு. ஒவ்வொரு குழுவிலும் 64 பேர், ஒவ்வொருவரும் ஓர் அடிக்கு இரண்டு கணக்குச் செய்வார்கள். ஆனால் ஓட்டத்தின் வேகம் வேறு. பிளேஸ்டேஷனில் செக்கனுக்கு 223 கோடி அடி வரை போகும். எக்ஸ்பொக்ஸில் 182 கோடியே 50 லட்சம். இப்போது பெருக்கிப் பாருங்கள். மருமகனிடம் போனைக் கொடுத்து அவனையே பெருக்கச் சொன்னேன். வேகத்தை நூறு கோடிக் கணக்கில் எடுத்து, 36ஐ 64ஆல், அதை 2ஆல், அதை 2.23ஆல். வருவது 10,275. மற்றப் பக்கம் 52, 64, 2, 1.825. வருவது 12,147. இவற்றை ஆயிரத்தால் வகுத்தால் 10.28, 12.15. அவன் வட்டம் போட்ட எண் இதுதான். பெயர் டெராஃப்ளொப்ஸ். ஒரு டெராஃப்ளொப் என்றால் செக்கனுக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றான்.

கணக்குச் சரி. ஆனால் இது எல்லா நாட்டாமியும் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால் வரும் கணக்கு. நாலாம் குறுக்குத் தெருவில் அப்படி என்றைக்காவது நடந்ததுண்டா? லொறி குறுக்கே நிற்கும். மூட்டை வரத் தாமதமாகும். கணக்கப்பிள்ளை தேநீர் குடிக்கப் போயிருப்பார். 52 குழுவுக்கும் எப்போதும் வேலை கொடுத்துக்கொண்டே இருப்பது 36 குழுவுக்குக் கொடுப்பதைவிடக் கஷ்டம். ஆள் குறைந்தாலும் ஓட்டம் வேகமாக இருந்தால் கூடவே நடக்கும் மற்ற வேலைகளும் வேகமாக முடியும். பிளேஸ்டேஷன் 5இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் பெட்டியை விளக்கிப் பேசியபோது கிட்டத்தட்ட இந்த வாதத்தைத்தான் வைத்தார். விற்பனைப் பேச்சுத்தானே என்று அப்போது நானும் நினைத்தேன். அப்புறம் அந்த ஆண்டின் கடைசியில் அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா என்ற கேம் இரண்டு கொன்சோல்களிலும் வந்தது. ஆரம்ப நாட்களில் எண்ணில் சின்னதான பிளேஸ்டேஷனில்தான் அது வழுக்கலாக ஓடியது. பிறகு திருத்தங்கள் வந்து வித்தியாசம் குறைந்தது. இன்றைக்கும் இரண்டிலும் வரும் பெரும்பாலான கேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். சோபாவில் இருந்து விளையாடுகிறவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் டெராஃப்ளொப்ஸ் வெறும் கதையா? இல்லை. இடைவெளி பெரிதாக இருந்தால் அது பேசும். எக்ஸ்பொக்ஸின் சின்னத் தம்பி சீரிஸ் எஸ்ஸில் வெறும் 20 குழு, 4 டெராஃப்ளொப்ஸ், 10 ஜிபி ராம். வந்தபோது விலை 299 டொலர். அதன் படம் கொஞ்சம் மங்கல் என்பது கண்ணுக்கே தெரியும். மங்கலைவிட ராம்தான் அதன் பெரிய பிரச்சினை. முகப்பு சின்னதாக இருந்தால் எத்தனை நாட்டாமி இருந்தும் மூட்டை அடுக்க இடமில்லையே. 2023இல் பல்டர்ஸ் கேட் 3 என்ற கேம் பிளேஸ்டேஷனுக்கு செப்டெம்பரில் வந்தது, எக்ஸ்பொக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. இருவர் ஒரே திரையைப் பிரித்து விளையாடும் வசதியைச் சீரிஸ் எஸ்ஸுக்குள் அடக்க முடியாமல் போனதுதான் தாமதத்துக்குக் காரணம். கடைசியில் சீரிஸ் எஸ்ஸில் அந்த வசதியே இல்லாமல்தான் வெளிவந்தது.

மருமகன் வட்டம் போடாமல் விட்ட ஒரு வரி தாளின் அடியில் இருந்தது. எஸ்எஸ்டி வேகம். இந்தத் தலைமுறைக் கொன்சோல்களில் நிஜமாகவே புதியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முந்திய பிளேஸ்டேஷன் 4இல் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். செக்கனுக்கு 100 எம்பி அளவு படித்தாலே பெரிய காரியம். அந்த வேகத்தில் 16 ஜிபியை நிரப்ப இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பிளேஸ்டேஷன் 5இன் எஸ்எஸ்டி செக்கனுக்கு 5.5 ஜிபி படிக்கும். அதே 16 ஜிபி மூன்று செக்கனில் நிரம்பிவிடும். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2.4 ஜிபி, ஏறத்தாழ ஏழு செக்கன்.

வேகம் கூடினால் காத்திருக்கும் நேரம் குறைவது மட்டும் அல்ல. பழைய கேம்களில் கதாநாயகன் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒருக்களித்து மெல்ல மெல்ல நகர்ந்து போவானே, ஞாபகம் இருக்கிறதா? அல்லது லிஃப்டில் ஏறி, ஒன்றும் நடக்காமல் நின்றுகொண்டே இருப்பான். பல நேரங்களில் அது கதைக்காக வைத்தது அல்ல. அந்த இடைவெளியில் ஹார்ட் டிஸ்க் அடுத்த ஊரை மூச்சுவாங்க இறக்கிக்கொண்டிருக்கும். 2021இல் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட் கேமில் ஒரு பிளவு வழியே பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறோர் உலகத்தில் நிற்பீர்கள். பாறை இடுக்கு இல்லை, லிஃப்ட் இல்லை. நாட்டாமிமாரின் எண்ணிக்கை கூடியதால் வந்த மாற்றம் அல்ல இது. களஞ்சியத்துக்கும் முகப்புக்கும் நடுவே இருந்த ஒழுங்கையை நெடுஞ்சாலையாக்கியதால் வந்தது.

எக்ஸ்பொக்ஸ் இதே எஸ்எஸ்டியை வேறொரு விதமாகக் காட்டுகிறது. ஒரு கேமைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வந்தால், விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். வேலைக்குப் போகிற, அரை மணி நேரம்தான் கிடைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது வரப்பிரசாதம். பழைய எக்ஸ்பொக்ஸ் டிஸ்க் அலுமாரியில் கிடந்தால் அவற்றில் நிறைய இதிலும் ஓடும். அந்த விஷயத்தில் எக்ஸ்பொக்ஸைச் செய்யும் மைக்ரோசொஃப்ட்டை யாரும் குறை சொல்ல முடியாது.

பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனிக்காரர் காசைக் கொட்டிய இன்னொரு இடம் கொண்ட்ரோலர். கடையில் வாய்ப்புக் கிடைத்தால் கையில் வாங்கிப் பாருங்கள். பெட்டியோடு இலவசமாக வரும் அஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற கேமில் குட்டி ரோபோ ஒன்று நடக்கும். அது மணலில் நடக்கும்போது உள்ளங்கையில் மணல் நொறுநொறுப்பது தெரியும். உலோகத் தகட்டில் ஏறினால் டக்டக் என்று வேறு மாதிரி. விரல் வைக்கும் பின் பட்டன்களுக்குள் சின்ன மோட்டர்கள் இருக்கின்றன. வில்லை இழுக்கும்போது பட்டன் எதிர்த்து இறுகும். மருமகனின் தாளில் இதற்கு எண்ணே இல்லை. எண் இல்லாததைத் தாளில் எழுத முடியாது அல்லவா?

சரி, இவை எல்லாம் வந்து சேர்வது டிவியில். "உங்க வீட்டு டிவி என்ன?" என்று கேட்டேன். அவன் எழுந்து போய்ப் பின்னால் குனிந்து பார்த்தான். அத்தான் ஏழெட்டு வருடத்துக்கு முன் வாங்கிய 1080பி டிவி. அந்தத் திரையில் இருப்பது 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரையில் அதன் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 83 லட்சம். இந்த இரண்டு கொன்சோல்களும் பாடுபடுவதே அந்த 83 லட்சத்தை நிரப்பத்தான். சும்மா சொல்லவில்லை, அந்த டிவியில் சீரிஸ் எஸ்ஸையும் சீரிஸ் எக்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டால் அக்காவுக்கு மட்டுமல்ல, எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, படம் செக்கனுக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பது கைக்குச் சட்டென்று தெரியும். 30 தடவை என்றால் ஒவ்வொரு படமும் 33 மில்லிசெக்கன் நிற்கும். 60 என்றால் 17க்குக் கொஞ்சம் குறைவு. கிரிக்கெட், ஃபுட்போல், சுடுகிற கேம் எல்லாம் 60இல் விளையாடிப் பழகியவன் 30க்குத் திரும்பினால் மட்டை கனத்த மாதிரி இருக்கும். அதனால்தான் இப்போது பல கேம்களில் "அழகு வேண்டுமா, வேகம் வேண்டுமா" என்று தொடக்கத்திலேயே கேட்கிறார்கள். நான் எப்போதும் வேகம்தான்.

இவ்வளவு நேரமும் நின்டெண்டோவைப் பற்றி மூச்சே விடவில்லை. மருமகனும் தாளில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கவில்லை. "அது சின்னப் பிள்ளைகளுக்கு மாமா" என்றான். 2006இல் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். அந்த வருடம் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டொலருக்கு வந்தது. நின்டெண்டோ வீ வந்தது 250 டொலருக்கு. எக்ஸ்பொக்ஸ் 360 அதற்கு முந்திய வருடமே வந்துவிட்டது. மூன்றிலும் பலம் குறைந்தது வீதான், அதன் படம் எச்டிகூட இல்லை. ஆனால் ரிமோட்டை வீசினால் திரையில் டெனிஸ் மட்டை வீசும். தாத்தா பாட்டி எல்லாம் எழுந்து நின்று விளையாடினார்கள். 10 கோடிக்கு மேல் விற்று, மற்ற இரண்டையும் முந்தியது வீ. அதற்கும் முந்திய தலைமுறையில் முதல் எக்ஸ்பொக்ஸ் பிளேஸ்டேஷன் 2ஐவிடப் பலமானது. விற்றது சுமார் 2 கோடி 40 லட்சம். பலம் குறைந்த பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடியைத் தாண்டி. காரணங்கள் பல. அதில் ஒன்று, பிளேஸ்டேஷன் 2 டிவிடியும் போடும். பல வீடுகளில் டிவிடி பிளேயர் வாங்குவதற்குப் பதில் அதை வாங்கினார்கள்.

நின்டெண்டோவின் இன்றைய பெட்டி சுவிட்ச் 2. 2025 ஜூன் 5இல் வந்தது, 450 டொலர். உள்ளே என்விடியாவின் சிப். 7.9 அங்குலத் திரை அதிலேயே இருக்கிறது. டிவியில் செருகினால் 4கே வரை போகும், கழற்றினால் கைக்குள் வந்துவிடும். சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய படத்தை வரையப் பலம் காணாது. அதனால் சின்னதாக வரைந்து, அது பெரிதாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பயிற்சி பெற்ற கணிப்பு முறையால் நிரப்பிக்கொள்கிறது. பிளேஸ்டேஷன் 5இன் பலம் கூடிய மொடலான ப்ரோவும் தன் வழியில் இதையேதான் செய்கிறது. பற்றரி இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரம் வரை என்கிறது நின்டெண்டோ. பெரிய கேம் என்றால் இரண்டுக்குப் பக்கம் என்று வையுங்கள். பாணந்துறையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் காலி வீதி நெரிசலில் புறக்கோட்டைக்குப் போய்ச் சேர அது காணும். வீட்டில் ஒரே டிவி, அதில் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை சீரியல் என்றால், இந்தக் கைப்பெட்டியைத் தள்ளிவிடாதீர்கள். டெராஃப்ளொப்ஸை எல்லாம் விட, இரவு ஏழு மணிக்கு டிவி யார் கையில் என்பது பெரிய கேள்வி.

கொழும்பில் இருந்து வாங்குவதென்றால் தாளில் இல்லாத இன்னும் சில சங்கதிகள் உண்டு. கேம் விற்கும் ஒன்லைன் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோர் இலங்கைக்கென்று கிடையாது. இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டு கிஃப்ட் கார்டு வாங்கிக் காசு போடுகிறார்கள். ஒரு நாட்டைத் தெரிவுசெய்துவிட்டால் அதிலேயே நில்லுங்கள். டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் கொன்சோலில் ஓடும். ஆனால் அதற்கு மேலதிகமாக வாங்கும் பகுதிகள் டிஸ்க்கின் நாடும் கணக்கின் நாடும் பொருந்தினால்தான் வேலை செய்யும். நான் இதை 7,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். விற்ற கடைக்காரர் "எல்லாம் ஓடும் அண்ணா" என்றார். டிஸ்க் ஓடியது, அதோடு வந்த மேலதிகப் பகுதிக்கான கோட் இலக்கம் வேலை செய்யவில்லை.

டிஸ்க் போடும் மொடலா, போடாத மொடலா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பெரிய கேம் ஒன்று 100 ஜிபி வரும். செக்கனுக்கு 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பில் இறக்க இரண்டே கால் மணி நேரம். 20 மெகாபிட் என்றால் பதினொரு மணி நேரம், உங்கள் மாத டேட்டாவும் காலி. டிஸ்க்கை விளையாடி முடித்துவிட்டு இன்னொருவருடன் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். இறக்கிய கேமை யாருக்கும் கொடுக்க முடியாது. மாணவனாக இருந்தால் டிஸ்க் மொடல்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

அப்புறம் மின்சாரம். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அன்றைய உழைப்புப் போகலாம், கெட்ட நேரமென்றால் தரவே பழுதாகலாம். ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் ஒழுங்காக அணைக்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. ஜன்னலோரம் வைக்காதீர்கள். என் பழைய டிவிடி பிளேயரின் பின்பக்கத் துளைகள் எல்லாம் இரண்டே வருடத்தில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டன.

விலை இறங்கும்வரை பொறுக்கலாமா என்று கேட்டால், முன்பென்றால் ஆமாம் என்றிருப்பேன். முந்திய தலைமுறைகளில் வருடம் போகப் போக விலை இறங்கியது. இந்தத் தலைமுறையில் 2025இல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் இரண்டின் விலையும் அமெரிக்காவிலேயே ஏறியது.

இவ்வளவும் சொல்லி முடிய, தாளைத் திருப்பி வெறும் பக்கத்தில் கூட்டாளிமாரின் பெயர்களை எழுதச் சொன்னேன். யாருடன் இரவில் ஒன்லைனில் விளையாடப் போகிறாய்? ஐந்து பெயர் எழுதினான். அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது? நாலு பேரிடம் பிளேஸ்டேஷன், ஒருவனிடம் ஒன்றும் இல்லை. சில கேம்களில் வேறு வேறு கொன்சோல்காரரும் சேர்ந்து விளையாடலாம். எக்ஸ்பொக்ஸுக்கென்றே இருந்த ஃபோர்சா ஹொரைசன் 5கூட 2025இல் பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. ஆனால் டிஸ்க் மாற்றுவதற்கு ஒரே கொன்சோல் வேண்டும். கொட்டாஞ்சேனைக் கூட்டாளியிடம் ஆறு டிஸ்க் இருக்கிறதாம். மருமகன் முகத்தில் கணக்கு ஓடியது தெரிந்தது. 12ஐச் சுற்றிய வட்டத்தை யாரும் அதன்பிறகு பார்க்கவில்லை.

அதுவரைக்கும் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, ஈரக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ஏன்டா, இதுல யூடியூப் வருமா? சீரியல் விட்டதைப் பார்க்கலாமா?"

"ஓம் அக்கா, வரும்."

"அப்ப வாங்கட்டும்" என்றார் அக்கா.